பதினேழாம் தாழிக்காரி

நெடும்பரம்பு அருங்காட்சியகத்தில், பதினேழாம் எண் தாழிக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் மூவாயிரம் வருஷத்து எலும்பாகக் கிடந்த பெண் எழுந்து போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி வார விடுமுறை என்பதால் அவள் போனதை யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் திரும்பி வந்ததைத்தான் ஊர் பார்த்தது. முழங்கால்வரை செம்மண்ணும் தலையெல்லாம் சரளைத்தூளும் நகக்கண்களில் ரத்தமுமாக, பெட்டிக்குள் எலும்புகளுக்கு அடியில் விரித்திருந்த கருப்பு வெல்வெட் துணியையே உடம்பில் சுற்றிக்கொண்டு, டிக்கெட் ஜன்னலில், கோயிலுக்கு வந்த வழியில் இறங்கியிருந்த ஒரு வேன் கூட்டத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். எழுந்ததும் நேரே ஊருக்கு மேற்கே இருக்கும் செம்மண் மேட்டுக்குத்தான் போயிருக்கிறாள், தாழி கிடந்த குழியை மறுபடி கையாலேயே தோண்டியிருக்கிறாள், தேடியது கிடைக்காமல் இங்கே வந்திருக்கிறாள் என்பது அவள் விரல்களைப் பார்த்த எல்லோருக்கும் யாரும் சொல்லாமலே விளங்கியது.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் தவமணி. பதினாலு வருஷமாக அந்த இரண்டு கூடத்து அருங்காட்சியகத்தில் பெருக்குவதும் டிக்கெட் கிழிப்பதும் கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவள்தான். பானை நிஜமா பொம்மையா என்று நாணயத்தால் தட்டிப் பார்ப்பவர்கள், கல்வெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் ஜோடிகள், எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து "இவ்வளவுதானா?" என்று அவளைத் திட்டுபவர்கள், எல்லோரையும் அவள் சமாளித்திருக்கிறாள். கை வைத்துத் தள்ளியதோ குரல் உயர்த்தியதோ கிடையாது. பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பாள், வந்தவர்களுக்கே கூச்சம் வரும்வரை நிற்பாள்.

"எத்தனை பேரும்மா?" என்று தலைநிமிராமல் கேட்டாள்.

வந்தவள் ஒரு விரலைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே மடித்து, ஒன்றுமில்லாத கைகளைத் தொட்டில்போல ஆட்டிக் காட்டினாள்.

"கைப்பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் தவமணி நிமிர்ந்தாள், அந்தக் கருப்புத் துணியைப் பார்த்தாள், சனிக்கிழமைதோறும் தான் தூசு தட்டும் துணி அது என்று தெரிந்ததும் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

பெட்டிக்கு மேலே பலகையில், பெண், வயது இருபத்து நான்கு இருக்கலாம், அருகில் கைக்குழந்தை ஒன்று, குழந்தையின் எலும்புகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தது. வந்தவளுக்குப் படிக்கத் தெரியாது. தாழிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள், நெஞ்சுவரை குனிந்து துழாவினாள், பிறகு தரையில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றி நின்ற வேன் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து தவமணியின் முகத்தில் நிறுத்தினாள்.

"என் பிள்ளை," என்றாள். "தா."

காப்பாட்சியர் மரியசெல்வம் ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கியிருந்த மனிதர். வந்து பார்த்தார், காலிப் பெட்டியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தவமணி, இப்ப இருப்புப் பதிவேட்டுல என்னன்னு எழுதறது? பொருள் காணோம்னு எழுதினா விசாரணை வரும். இருக்குன்னு எழுதினா, இருந்த மாதிரி இல்லையே."

"இருக்காவன்னு எழுதுங்க சார்," என்றாள் தவமணி.

அவர் அப்படியே எழுதினார்.

முதல் வாரம் ஊர் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டது. எதிர்க்கடை கொம்பையா காலையும் மாலையும் டீ கொடுத்தனுப்பினார், அவள் மோந்து பார்த்துவிட்டுத் தரையில் வைத்துவிட்டாலும் அனுப்புவதை நிறுத்தவில்லை. மேலத்தெருப் பெண்கள் சேலை கொண்டுவந்து கருப்புத் துணிக்கு மேலேயே சுற்றிவிட்டார்கள், தலையில் இருந்த சரளையை ஈர் உருவுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார்கள், மார்பு நனைந்திருப்பதைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவாயிரம் வருஷமாகக் கட்டி நின்ற பால் அது, பிற்பகல் மூன்று மணிக்குச் சொட்டத் தொடங்கிச் சேலையை நனைத்துத் தரையில் ஓடும், தவமணி மூன்றரைக்கு ஈரத்துணி போட்டுத் துடைப்பாள். பெரிய ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு உங்கள் வார்த்தை என்ன என்று அவர் கேட்டால் அவள் பிள்ளையைக் கேட்டாள், நெருப்புக்கு என்ன என்று கேட்டாலும் பிள்ளையைக் கேட்டாள். கோபத்தில் அவள் கொட்டிய பேச்சில் பத்துக்கு இரண்டு சொல்கூடப் பிடிபடாமல், என், பிள்ளை, தா என்ற மூன்று மட்டும் இத்தனை காலத்தில் தேயவே இல்லை என்று எழுதிக்கொண்டு நான்காம் நாள் பேராசிரியர் பஸ் ஏறினார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டபோது தொட்டில்கள் வர ஆரம்பித்தன. யார் முதலில் கட்டியது என்று தெரியவில்லை. பிள்ளையில்லாதவர்கள் அவளைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பியில் மஞ்சள் துணியால் சிறு தொட்டில் கட்டினார்கள், மரத்தொட்டில் தொங்கவிட்டார்கள், பத்து நாளில் கம்பி தெரியாமல் போய்விட்டது. அவளோ ஒவ்வொரு தொட்டிலையும் கட்டிய கை விலகுமுன்னே அவிழ்த்து, விரித்து, உள்ளே பார்த்து, ஒன்றுமில்லை என்று கண்டதும் கீழே போட்டாள். காலையில் நூறு கட்டினால் நூறையும் அவிழ்த்தாள், நூறிலும் புதிதாக ஏமாந்தாள்.

பக்கத்து ஊரிலிருந்து வந்த உமையாள் என்ற பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவள் கட்டிய தொட்டில் அவள் கண்முன்னாலேயே அவிழ்ந்து தரையில் விழுந்தபோது தவமணியின் மேல் பாய்ந்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கீங்களே, நீங்கல்லாம் பொம்பளதானா? அவிழ்க்காதன்னு சொல்லக் கூடாதா? நான் எங்கயெல்லாம் போயிட்டு இங்க வந்திருக்கேன் தெரியுமா?"

தவமணி வழக்கம்போல அவள் பக்கத்தில் போய் நின்றாள். இந்த முறை யாருக்கும் கூச்சம் வரவில்லை.

"அவங்க ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலம்மா. அவங்க பிள்ளைய தேடுதாவ, அவ்வளவுதான்."

"தெய்வம்னு சொல்லித்தான வந்தோம்!"

"நாங்க சொல்லலயே. பலகைல பெண்ணுன்னுதான எழுதியிருக்கு."

உமையாள் தரையில் உட்கார்ந்து அழுதாள், பதினேழாம் தாழிக்காரியும் தரையில் உட்கார்ந்திருந்தாள், இருவருக்கும் நடுவில் மஞ்சள் துணி கிடந்தது, மணி மூன்றானதும் பால் அந்தத் துணியை நனைத்தது.

கார்த்திகையில் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். அவள் எந்த ஆள் என்று ஊர் முதல் நாளிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. மூக்கைப் பார்த்து ஒரு கூட்டம் சொல்லியது, முடியைப் பார்த்து இன்னொரு கூட்டம் சொல்லியது, கடைசியில் ஒரு சங்கம் எங்கள் குலத்தாய் என்று வாசலில் தட்டி வைத்தது, மறுநாளே இன்னொரு சங்கம் அதைவிடப் பெரிய தட்டி வைத்தது. இரண்டு கூட்டமும் மாலையோடு ஒரே நாளில் வந்து, யார் மாலை முதலில் விழ வேண்டும் என்று வாசலில் தொடங்கிய வாக்குவாதம் கூடத்துக்குள் வந்து, எங்கிருந்தோ ஒரு கல் பறந்தது. கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது, அவளுடைய புருவத்துக்கு மேலே கிழிந்தது. ரத்தம் சிவப்பாகத்தான் வந்தது. இரண்டு கூட்டமும் அதைப் பார்த்து எங்கள் ரத்தம் எங்கள் ரத்தம் என்று இன்னும் பலமாகக் கத்தின. தவமணி தன் முந்தானையால் அந்த நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு எண் பதினேழு தலைநகருக்கு மாற்றப்படும், வரும் திங்கட்கிழமை வண்டி வரும். ஊர் பெருமூச்சு விட்டது. கொம்பையா டீயை நிறுத்தியே பல நாளாகியிருந்தது. "பாவம்தான், ஆனா எத்தன நாளைக்கு?" என்றார்கள் சேலை கொண்டுவந்த பெண்களே.

"அங்க கொண்டு போயி என்ன செய்வாங்க சார்?" என்று தவமணி கேட்டாள்.

மரியசெல்வம் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "பெட்டியில வைப்பாங்க. பெரிய பெட்டி."

தவமணி அப்போதுதான் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள். முதல் நாளே போட்டிருக்க வேண்டும். போடாததற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவள் இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் தன்னை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

போன சித்திரையில் ஆய்வுக்கு அனுப்பியது ஒரு குழந்தையை அல்ல, இரண்டை. பதினேழாம் தாழியின் குழந்தை ஒன்று; பார்வைக்கு வைக்காமல் பின்கட்டு அறையில் கிடந்த பதினோராம் தாழியின் குழந்தை இன்னொன்று. இரண்டு அட்டைப்பெட்டிகளில் பஞ்சு வைத்து, இரண்டு மூடிகளில் எண் எழுதி, அடுக்கி முடித்த நேரத்தில் கூடத்தில் கூச்சல் கேட்டது. நாயோடு வந்த ஒரு பெரிய மனிதர், நாயை உள்ளே விடமாட்டேன் என்று அவள் சொன்னதற்கு, நீ யார் என்னைத் தடுக்க, பெருக்குகிறவள்தானே என்று அரைமணி நேரம் அவளை நிற்க வைத்துத் திட்டினார். கண்ணீரை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து, இரண்டு மூடிகளையும் எடுத்து மூடி நூல் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் எந்த மூடியை எந்தப் பெட்டிக்குப் போட்டோம் என்று தோன்றியது. திறந்து பார்த்தால் மட்டும் தனக்கு என்ன தெரியப்போகிறது, இரண்டும் ஒரே அளவு, இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

போனில் ஒரு பெண்குரல், நேரில் கடிதத்தோடு வந்தால் எண் பதினேழைத் தரலாம் என்றது. மரியசெல்வம் கடிதத்தைத் தானே எழுதினார், கையெழுத்தும் போட்டார், ஆனால் மேலிடத்து அனுமதி இல்லாமல் முத்திரை போடக்கூடாது. "முத்திரை மேசை மேல இருக்கு," என்றார். "நான் சாப்பிடப் போறேன்."

வியாழக்கிழமை விடிந்ததும் தவமணி ரயில் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளக்காடாய்க் கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போய், வெள்ளிக்கிழமை நகரத்து ஆய்வுக்கூடத்தில், குளிர்ந்த நீண்ட வராந்தாவில் காத்திருந்தாள். வழுக்கைத்தலை ஆய்வாளர் ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியில் அவளுடைய கையெழுத்தில் பதினேழு.

"நல்லவேளை, இது முழுசா இருக்கும்மா," என்றார். "ரெண்டுல ஒண்ணைப் பொடி பண்ணித்தான் சோதனை செய்ய முடியும். பதினொண்ணை எடுத்துக்கிட்டோம். அது தீர்ந்துபோச்சு."

"தீர்ந்துபோச்சுன்னா?"

"பொடியில மிச்சமில்லை."

சனிக்கிழமை மாலைவரை பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே வந்தாள். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் என்னம்மா பலகாரமா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொன்னாள், சொன்ன வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள். இது அந்தப் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று வேண்டினாள். இதுவாக இருந்தால் தீர்ந்துபோனது இன்னொருத்தியின் பிள்ளை என்பதும் அந்த வேண்டுதலுக்குள்ளேயே இருந்தது, அதை நினைக்காமல் வேண்டத் தெரியவில்லை.

மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் கூடத்துக்குள் போய், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, நூலை அவிழ்த்தாள். தாழிக்காரி பஞ்சை விலக்கினாள். விரல்நுனியால் மண்டையோட்டைத் தொட்டாள், நெற்றி இருந்த இடத்தைத் தடவினாள், குனிந்து மோந்தாள்.

"இல்லை," என்றாள் அவள்.

அந்த நாலாவது சொல்லும் தேயாமல் இருந்தது.

தவமணி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டு பெட்டி, இரண்டு மூடி, நாயோடு வந்த மனிதர், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தது, பொடி. "நாந்தாம்மா மாத்திட்டேன். ஒங்க பிள்ள இல்ல. இனிமே இல்ல. நான்தான்." அவளுக்குப் பத்துக்கு இரண்டு சொல் புரிந்திருக்கும், பிள்ளை, இல்லை, நான். அது போதுமானதாக இருந்தது. தாழிக்காரி அவளை அடிக்கவில்லை, அழவும் இல்லை. அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில், தலை இருக்க வேண்டிய இடத்தில் தலையும் கால் இருக்க வேண்டிய இடத்தில் காலுமாக வைத்து, சேலையால் மூடினாள். யாருடையதோ ஆனாலும் பிள்ளை, மழைக்குளிரில் அதை அட்டைப்பெட்டியில் விட அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தவமணி வந்து கதவைத் திறந்தபோது, பின்கட்டு அறையை யாரோ உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரமாகவோ கோபமாகவோ இல்லை, விடாமல் தட்டினார்கள். தவமணி சாவியைப் போட்டுத் திறந்தாள். வாசலில் இன்னொருத்தி நின்றாள், முந்தையவளைவிட மூத்தவள், நாற்பது இருக்கும், ஒரு கால் சற்றுச் சாய்ந்திருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தவமணியைத் தாண்டிக்கொண்டு நொண்டி நொண்டிக் கூடத்துக்கு வந்தாள், பதினேழாம் தாழிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளையும் அவள் மடியையும் பார்த்தாள்.

இருவருக்கும் நடுவில் போய் நிற்கத் தவமணி ஓர் அடி எடுத்து வைத்தாள். தேவைப்படவில்லை. மடியில் வைத்திருந்தவள் சேலையை விலக்கினாள், ஒரு துண்டும் சிந்தாமல் எலும்புகளைத் திரட்டி, கழுத்து நிற்காத பிள்ளையைக் கைமாற்றுவதுபோலத் தலைக்கு அடியில் கை கொடுத்து நீட்டினாள். மூத்தவள் வாங்கி, ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு எந்த மொழியிலும் எழுத்து இல்லை. பிறகு பின்கட்டுக்குத் திரும்பிப் போனாள், பதினோராம் தாழிக்குள் காலை மடக்கி இறங்கினாள், அவள் படுத்த சிறிது நேரத்தில் உள்ளே பார்த்தபோது பெரிய எலும்பும் சிறிய எலும்பும் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தன. தவமணி மூடியை வைத்தாள்.

திரும்பி வந்தபோது தாழிக்காரி எழுந்து நின்றிருந்தாள். வெறும் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள், வாசலுக்குப் போய் மழைக்காற்றை மோந்தாள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதுபோலத் தவமணியைப் பார்த்தாள். தவமணி வடக்கே கை காட்டினாள்.

அவள் படி இறங்கி நடந்தாள். கொம்பையாவின் கடையில் இருந்தவர்கள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவாறே பார்த்தார்கள், ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார், இன்னொருவர் நாளைக்கு வண்டி வருதாமே என்றார், அதற்கு மேல் யாரும் எழுந்திருக்கவில்லை.

டிக்கெட் ஜன்னலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. குடையை உதறிக்கொண்டே அந்த வீட்டுக்காரர், "எவ்வளவு நேரம் நிக்கிறது? அந்தப் பொம்பளைய எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

"போயிட்டாவ," என்றாள் தவமணி. சாவிக்கொத்தை மரியசெல்வத்தின் மேசைமேல் வைத்தாள், பதிவேட்டைப் பிரித்து, இருக்காவ என்று அவர் எழுதியிருந்ததற்குக் கீழே தன் பெயரையும் தான் செய்ததையும் எழுதினாள், இறங்கி மழையில் நடந்தாள். குடையோடு நின்றவர் பின்னாலிருந்து கத்தியது கொஞ்சதூரம் கேட்டது.

ஊர் எல்லை தாண்டி நாற்கரச் சாலையில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது. லாரிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. முன்னால் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்ப்பாள் என்று தவமணியும் நினைக்கவில்லை. பத்தடி பின்னால் நடந்தாள். ஆய்வுக்கூடத்தில் பொடிகூட இல்லை என்று ஆய்வாளர் சொன்னது இருவருக்கும் தெரியும். தாழிக்காரி அந்த அட்டைப்பெட்டியை மழை படாமல் சேலைக்குள் வைத்து அணைத்திருந்தாள்.

ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றாள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லோ கல்லோ கிழித்திருந்தது. தவமணி பத்தடியையும் நடந்து கடந்து, அவள் முன்னால் சகதியில் குந்தி உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

மணி மூன்று ஆகியிருக்க வேண்டும், மழைத்தண்ணீரோடு பாலும் அவள் கால்வழியே இறங்கிச் சாலையில் ஓடியது. பிறகு அவள் காலை நீட்டினாள்.